தேடினால் கிடைக்க வேணும்: இலங்கைத் தமிழில் தேடுபொறிக்கு எழுதுவது பற்றி

கூகுளில் முதற் பக்கத்தில் வருகிற மாதிரி எப்படி எழுதுவது என்ற கதையை எடுத்தாலே எங்கட வட்டாரத்தில் பலருக்கு முகம் சுருங்கும். அது விளம்பரக் கொம்பனிகளின் வேலை, ஹோட்டலுக்கும் ரியூஷனுக்கும் ஆள் பிடிக்கிற வேலை, கட்டுரை எழுதுகிற ஆக்களுக்கு அதில் என்ன அலுவல் என்பது பொதுவான எண்ணம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்ற பெயரில் தமிழில் நடக்கிற வேலையில் பெரும்பங்கு வாசிக்க முடியாத குப்பைதான். ஆனாலும் இந்த முகச்சுழிப்புக்கு ஒரு விலை இருக்கு. அதைக் கட்டுவது எழுதுகிற நாங்கள் இல்லை. ஒரு விடயம் தெரியாமல், கேட்க ஆளும் இல்லாமல், கைத்தொலைபேசியில் தமிழில் தட்டித் தேடுகிற எங்கட சனம்தான் கட்டுது.

எங்கட நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தேடினால் கிடைக்கிற மாதிரி எழுதுவது எழுதுகிறவரின் பொறுப்புகளில் ஒன்று. அதேநேரம், எதைப் பற்றி எழுதுவது, எந்தச் சொல்லில் எழுதுவது என்பதைத் தேடுபொறி தீர்மானிக்க விடக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

பத்து வருடமா, பன்னிரண்டு வருடமா?

ஒரு நிலைமையை யோசித்துப் பாருங்கள். போரில் இடம்பெயர்ந்து போன குடும்பம் ஒன்றின் காணியில் வேறு ஆக்கள் இருக்கினம். உறுதி கையில் இருக்கு. சட்டத்தரணியிடம் போகக் காசு இல்லை, அல்லது போகமுதல் கொஞ்சம் விளங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுப் பெடியன் ஒருவன் போனில் தேடுகிறான்: ‘எங்கட காணியில் வேறு ஆள் எத்தனை வருடம் இருந்தால் அவருக்குச் சொந்தம்?’

தமிழில் இப்படித் தேடினால் பெரும்பாலும் வந்து விழுவது பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ். எல்லாம் தமிழ்நாட்டுச் சொற்கள், தமிழ்நாட்டு நடைமுறைகள். பட்டா எங்கட காணிப் பதிவகத்தில் கேட்கப்படுகிற பத்திரம் இல்லை என்பது அவனுக்கு விளங்கிவிடும். ஆனால் அதே பக்கத்தில் ‘12 ஆண்டுகள்’ என்று ஒரு விடை இருக்கும். இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி தனியார் காணிக்கு அது சரி. இலங்கையில் அது 10 ஆண்டுகள். அதற்கு மேல், போர்ச் சூழலால் உரிமை கோரி நீதிமன்றம் போக முடியாமற் போனவர்களுக்கென்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடுகளைக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தவரின் ஆதனத்துக்குத் தேசவழமை என்று தனியான சட்டமும் இருக்கு. தமிழ்நாட்டுப் பக்கத்தில் இதில் ஒன்றும் இராது. அது அந்தப் பக்கத்தின் பிழையும் இல்லை, அது தன்ர வாசகருக்கு எழுதியிருக்கு.

ஒன்பது வருடம் முடிந்த நிலையில் ‘இன்னும் மூன்று வருடம் கிடக்குத்தானே’ என்று ஒரு குடும்பம் நினைத்தால் என்ன நடக்கும்? காணி போகும். தேடலில் எது மேலே வருகிறது என்பது எங்கட சூழலில் இவ்வளவு பாரமான விடயம். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று சட்டத்தில் இருக்கு. ஆனால் தமிழில் தேடுகிறவருக்கு இந்த நாட்டின் சட்டம் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி. அரச தளங்களின் தமிழ்ப் பக்கம் பல நேரம் வெறுமையாகவோ பழசாகவோதான் கிடக்கு.

நோய்க்கும் இதே கதைதான். அம்மாமார் ‘சீனி வருத்தம்’ என்று தேடுவார்கள். வைத்தியசாலைக் கையேட்டில் ‘நீரிழிவு’ என்று இருக்கும், பழைய ஆக்கள் ‘சலரோகம்’ என்பார்கள். இணையத்தில் குவிந்து கிடப்பது ‘சர்க்கரை நோய்’. அதைத் திறந்தால் தமிழ்நாட்டுச் சாப்பாட்டு அட்டவணை. இடியப்பம், புட்டு, குரக்கன், பாண் என்று எங்கட வீட்டுச் சாப்பாட்டை வைத்து எழுதியது கிடைப்பது அரிது.

தந்திரங்கள் எல்லாம் செத்துப் போயின

தேடுபொறிக்கு எழுதுவது என்றால் ஏதோ மந்திரம் என்று நினைக்கிற ஆக்களுக்காக அதன் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1998இல் லரி பேஜும் சேர்ஜி பிரினும் கூகுளைத் தொடங்கியபோது அவர்களின் அடிப்படை யோசனை எளிமையானது: ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால், அது அந்தப் பக்கத்துக்கான பரிந்துரை. நல்ல இடத்திலிருந்து வருகிற பரிந்துரைக்குப் பெறுமதி கூட. இதை ஏமாற்ற ஆக்கள் வெளிக்கிட்டினம். ஒரே சொல்லை நூறு தரம் எழுதுவது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் சொற்களை ஒளிப்பது, காசுக்கு இணைப்பு வாங்குவது. கூகுளும் துரத்திக்கொண்டே வந்தது. பக்கத்தின் பின்னால் ஒளித்து எழுதுகிற திறவுச்சொல் பட்டியலைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று 2009இல் சொன்னார்கள். 2011இல் ‘பண்டா’ என்ற மாற்றம் உள்ளீடில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012இல் ‘பெங்குயின்’ இணைப்பு வியாபாரத்தில் கை வைத்தது. 2022இல், ஆட்களுக்காக எழுதப்பட்டதா அல்லது தேடுபொறிக்காக மட்டும் எழுதப்பட்டதா என்பதைப் பார்க்கத் தொடங்கினோம் என்றார்கள். 2024இல், இயந்திரத்தைக் கொண்டு மொத்தமாகக் குவிக்கிற பக்கங்களைத் தடுக்க விதி கொண்டுவந்தார்கள்.

இதில் எங்களுக்கு இருக்கிற பாடம் ஒன்றுதான். ஒவ்வொரு தந்திரமும் சில வருடத்துக்கு மட்டும் ஓடியது. ஒரு ஆளின் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்கிற பக்கத்துக்கு ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இடம் இருந்தது.

கூகுள் நியாயவான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது விளம்பரத்தில் பிழைக்கிற கொம்பனி. 2018இல் அதன் அட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழுக்கும் திறந்தபோது, தமிழில் எழுதி வருமானம் பார்க்கலாம் என்ற நல்ல வாய்ப்பு வந்தது. கூடவே ஒரு செய்தியை முப்பது தளங்கள் அப்படியே ஒட்டுவதும், ‘அதிர்ச்சி’, ‘வெளியான உண்மை’ என்று தலைப்புப் போடுவதும் பெருகியது. ஆங்கிலக் குப்பையைத் தரம் பிரிக்கிற அளவுக்குத் தமிழ்க் குப்பையைத் தரம் பிரிக்க அந்த இயந்திரத்துக்கு இன்னும் ஏலாது. அதுக்காக நல்லதை எழுதுகிற ஆக்கள் ஒதுங்கி நின்றால் குப்பைக்குப் போட்டியே இல்லாமல் போகும்.

எங்கட எழுத்து ஏன் கிடைக்கிறதில்லை?

இலங்கைத் தமிழில் நல்ல எழுத்து இல்லை என்பது பொய். இருக்கு. அது கிடைக்காமல் போவதற்குச் சில தெளிவான காரணங்கள் இருக்கு. ஒவ்வொன்றும் திருத்தக்கூடியது.

முதலாவது, முகநூல். பத்துப் பதினைந்து வருடமாக எங்கட விவாதங்கள், புத்தக விமர்சனங்கள், ஊர் நினைவுகள், அஞ்சலிகள் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்படுகுது. இரண்டு நாளைக்கு நூறு பேர் கதைப்பார்கள். பிறகு அது எழுதினவருக்கே தேடி எடுக்க முடியாத ஆழத்துக்குப் போய்விடும். கூகுளுக்கு அதில் பெரும்பகுதி தெரியவே தெரியாது. கணக்கை மூடினால் எல்லாம் சேர்ந்து போகும். முகநூலில் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே எழுதினதில் நிற்கக்கூடியதை எடுத்து, திறந்த பக்கம் ஒன்றில், தலைப்பும் திகதியும் போட்டு வையுங்கள்.

இரண்டாவது, படமும் பாமினியும். அறிவித்தல், அறிக்கை, நினைவு மலர் எல்லாவற்றையும் படமாக எடுத்துப் போடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கு. படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேடலுக்குக் கொண்டுவருவது இன்னும் நிச்சயமில்லாத காரியம். பழைய கோப்புகளில் பெருந்தொகை பாமினி எழுத்துருவில் கிடக்கு. கண்ணுக்குத் தமிழ், ஆனால் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். இயந்திரத்துக்கு அது தமிழே இல்லை. யுனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இலவசமாகவே கிடைக்குது. ஒரு சங்கம் தன்ர பழைய மலர்க் கட்டுரைகளை மாற்றிப் போட்டால் அதுவே பெரிய வேலை. நூலகம் திட்டம் 2005 முதல் செய்துவருவதைப் பாருங்கள். வருடி எடுத்த பழைய சஞ்சிகை படமாகத்தான் இருக்கு. ஆனால் அதற்கென்று பெயர், ஆசிரியர், வெளியீட்டு ஆண்டு தட்டச்சு செய்த ஒரு விபரப் பக்கமும் இருக்கு. அந்தச் சின்னப் பக்கம்தான் தேடுகிறவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகுது.

மூன்றாவது, தலைப்பு. எங்கட சூழலில் விமர்சனத்துக்குக் கவித்துவமான தலைப்பு வைப்பது ஒரு மரபாகிவிட்டது. நிழல், மௌனம், தீராத என்ற சொற்களில் ஏதாவது இரண்டு இருக்கும். எந்தப் புத்தகம், எந்தப் படம் என்பது நாலாவது பந்தியில் வரும். இலங்கையில் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சாகிற புத்தகங்கள் பல. அப்படியான ஒரு நாவலைப் பற்றி இணையத்தில் இருக்கிற ஒரே எழுத்து அந்த விமர்சனமாக இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை அந்த நாவலின் பெயரைத் தட்டினால் அது வர வேணாமா? கவித்துவத் தலைப்பை விட வேண்டாம். அதன் பின்னால் ஒரு முக்காற்புள்ளி போட்டு, நூலின் பெயர், எழுதியவர் பெயர், ‘நாவல் விமர்சனம்’ என்று சேருங்கள். தலைப்பு நீண்டால் தேடல் முடிவில் பாதியில் வெட்டுப்படும், அதனால் முக்கியமான பெயர் முன்னுக்கு வரட்டும். பதிப்பகமும் ஆண்டும் உள்ளே எங்காவது இருக்கட்டும்.

நாலாவது காரணம்தான் எங்களுக்கு முக்கியமாகப் படுகுது. நாங்கள் எங்களுக்குள்ளே கதைக்கிற மாதிரி எழுதுகிறோம். ‘இந்த நாட்டில்’, ‘போன வருடம்’, ‘அண்மைய சுற்றறிக்கை’ என்று எழுதினால் கூட இருக்கிற ஆளுக்கு விளங்கும். ஐந்து வருடம் கழித்து வருகிற ஆளுக்கும் இயந்திரத்துக்கும் எந்த நாடு, எந்த வருடம் என்று தெரியாது. புலமைப்பரிசில் பரீட்சை பற்றிய முழுக் கட்டுரையிலும் ‘இலங்கை’ என்ற சொல் ஒருதரமும் வராமல் இருக்கலாம். தமிழ்நாட்டவர் தங்கட மாநிலத்தின் பெயரைப் போட மறப்பதில்லை. நாங்களும் போட வேணும். திகதியும் அப்படித்தான். கட்டணம், படிவம், சட்டம் பற்றி எழுதினால் ‘கடைசியாகத் திருத்தியது’ என்று ஒரு வரி போடுவது தேடுபொறிக்கும் நல்லது, வாசகருக்குச் செய்கிற நேர்மையும் அதுதான்.

ஐந்தாவது, இணைப்பு. எங்கட சூழலில் ஒருவருக்கு மறுப்பு எழுதினால் அவரின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம். ‘சிலர் சொல்கின்றனர்’ என்று எழுதுவோம். உடன்பட்டால்கூட இணைப்புக் கொடுப்பதில்லை. பரிந்துரைகளால் ஓடுகிற இயந்திரத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் பரிந்துரைக்காத எழுத்தாளர் கூட்டம் எப்படித் தெரியும்? ஒவ்வொரு கட்டுரையும் தனித் தீவுதான். மட்டக்களப்பில் இருந்து எழுதினதுக்கு ஹட்டனில் இருந்து எழுதுகிறவர் இணைப்புக் கொடுத்தால் அந்தப் பக்கம் மேலே வர அது உதவும். அதைவிட, யாரிடமிருந்து இந்த யோசனை வந்தது என்பதை ஒப்புக்கொள்கிற மரியாதையும் அதில் இருக்கு.

இன்னொரு சின்ன விடயம். பக்கத்தின் முகவரியைத் தமிழில் விட்டால், அதைப் பிரதி எடுத்து அனுப்பும்போது வீதக் குறிகளும் எண்களுமாக ஒரு நீண்ட வாலாக மாறிவிடும். வட்ஸ்அப்பில் அப்படி வந்தால் பாதிப்பேர் பயத்தில் அமத்த மாட்டினம். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தச் சொல்லை விட்டுக்கொடுப்பது?

இனித்தான் எங்கட மறுபக்கம். தேடுபொறி பற்றிச் சொல்லிக் கொடுக்கிற ஆக்களின் முதல் பாடம்: எந்தச் சொல்லை அதிகம் பேர் தேடுகினம் என்று பார், அதை எழுது. இந்தக் கணக்கைத் தமிழில் அப்படியே போட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். தமிழ்நாட்டின் சனத்தொகை ஏழு கோடிக்கு மேல். முழு இலங்கையின் சனத்தொகையே இரண்டே கால் கோடிக்குள், அதில் தமிழ் பேசுகிற ஆக்கள் ஒரு பகுதி. எண்ணிக்கையால் தீர்மானித்தால் ஒவ்வொரு தரமும் நாங்கள் தோற்போம். கச்சான் வேர்க்கடலை ஆகும். பப்பாசி பப்பாளி ஆகும். கறுவா பட்டை ஆகும். புகையிரதம் ரயில் மட்டும் ஆகும். லயம், பிரட்டு என்ற மலையகச் சொற்களுக்குப் பதிலாக எதைப் போடுவது என்றே அந்தக் கணக்குக்குத் தெரியாது. எவரும் தடை போடாமலே, ‘தேடல் எண்ணிக்கை பூச்சியம்’ என்ற ஒரு வரியால் ஒரு வட்டார வழக்கு எழுத்திலிருந்து போய்விடும்.

அந்தப் பூச்சியத்தையும் அப்படியே நம்பக்கூடாது. கருவிகள் சின்ன எண்ணிக்கைகளைக் காட்டுவதில்லை. எங்கட பெடியள் பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகினம், சிலர் குரலால் கேட்கினம். ஒரு மாதத்தில் நாற்பது பேர் மட்டும் தேடுகிற கேள்விக்கு விடை எழுதுவது வியாபாரிக்கு நட்டம். அந்த நாற்பதில் ஒருவர் காணியைக் காப்பாற்றினால் எங்களுக்கு அது போதும்.

எங்கட வழி இது: எங்கட சொல்லே கட்டுரையின் சொல்லாக இருக்கட்டும். மற்றச் சொற்களை ஒருதரம், வாசிக்கிறவருக்குத் தடையில்லாமல், வசனத்துக்குள் கொண்டுவரலாம். ‘சீனி வருத்தம், அதாவது வைத்தியர் நீரிழிவு என்று எழுதுவது, தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் என்பது’ என்று தொடங்கினால் மூன்று பேரும் வந்து சேருவார்கள். அதற்குப் பிறகு சீனி வருத்தம் என்றே எழுதலாம். ஊர்ப் பெயருக்கும் இது பொருந்தும். ‘திருமலை’ என்று எழுதுகிறவர் ஒருதரம் ‘திருகோணமலை’ என்றும் எழுத வேணும். தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்து சொல்லின் உருவமே மாறிவிடுவதால், ‘யாழ்ப்பாணத்தில்’, ‘யாழ்ப்பாணத்தவர்’ என்று பத்துத் தரம் வருகிற கட்டுரையில் ‘யாழ்ப்பாணம்’ என்று ஒருதரம் முழுசாகவும் இருக்கட்டும்.

செய்ய மாட்டோம் என்று சொல்ல வேண்டியவையும் இருக்கு. தேடுகிற ஆள் குறைவு என்பதற்காக ஒரு விடயத்தைக் கைவிட மாட்டோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் பற்றி, சாதி பற்றி, தோட்டத் தொழிலாளர் சம்பளம் பற்றி எழுதுவதற்கு முன் எந்தக் கருவியிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. நூறு சொல்லில் முடிகிற விடையை ஆயிரம் சொல்லுக்கு இழுக்க மாட்டோம். கேள்வியை மட்டும் தலைப்பில் வைத்து, விடை இல்லாத பக்கத்துக்கு ஆளைக் கூப்பிட மாட்டோம்.

‘இப்ப ஏஐ தானே விடை சொல்லுது?’

இதை வாசிக்கிற சிலர் இப்படிக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024இலிருந்து கூகுளே தேடல் முடிவுகளுக்கு மேலே இயந்திரம் தொகுத்த விடையைக் காட்டத் தொடங்கிவிட்டது. பலர் அதோடு நிறுத்திவிடுகினம், எழுதினவரின் பக்கத்துக்கு வருவதில்லை. உழைப்பு எங்களுடையது, வாசகர் அவர்களுடைய பக்கத்தில். இதில் எங்களுக்கும் கோபம் இருக்கு.

ஆனால் அந்த இயந்திரம் விடையைத் தன்ர வயிற்றிலிருந்து எடுப்பதில்லை. எழுதப்பட்டதிலிருந்துதான் எடுக்குது. தமிழில் எது கூட இருக்கோ அதுதான் அதுக்குத் ‘தமிழ்’. இலங்கைக் காணிச் சட்டம் பற்றித் தமிழில் தெளிவான பக்கங்கள் இல்லையென்றால், கிளிநொச்சியில் கேட்கிறவருக்கும் அது சென்னையின் விடையைத் தயங்காமல் சொல்லக்கூடும். முந்தியாவது பக்கத்தைத் திறந்தால் ‘பட்டா’ என்ற சொல்லைக் கண்டு ‘இது எங்கட இல்லை’ என்று சுதாரிக்கலாம். தொகுத்த விடையில் அந்த அடையாளங்களும் அழிந்துபோகும். அதனால் எழுதுகிற தேவை இப்போது கூடித்தான் இருக்கு.

செய்துகாட்டிய முன்னோடிகளும் எங்களிடம் இருக்கினம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கிய காலத்தில் அதைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதிய யாழ்ப்பாணத்து ஊர்கள், கோயில்கள், ஈழத்து எழுத்தாளர்கள் பற்றிய கட்டுரைகள் தேடலில் முன்னுக்கு வருவதற்கு எந்தத் தந்திரமும் காரணமில்லை. தலைப்பு நேராக இருக்கு, முதல் வரியில் விடை இருக்கு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்பு இருக்கு. யார் காசு தருவார் என்று பார்த்து அவர்கள் எழுதவில்லை.

இதைப் பெரிய திட்டமாக்கத் தேவையில்லை. உங்களுக்கு நல்லாத் தெரிந்த, உங்கட ஊரில் அல்லது உங்கட தொழிலில் ஆக்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியை எடுங்கள். கிராம அலுவலரிடம் எந்தக் கடிதத்துக்கு என்ன கொண்டுபோக வேணும் என்பதாக இருக்கலாம். உங்கட பாடசாலையின் சரித்திரமாக இருக்கலாம். ஒருவரும் மறுபதிப்புச் செய்யாத ஒரு சிறுகதைத் தொகுதியாக இருக்கலாம். அந்தக் கேள்வியை அம்மா எப்படிக் கேட்பாவோ அப்படியே தலைப்பில் வையுங்கள். முதற் பந்தியில் விடையைச் சொல்லுங்கள். ‘இலங்கை’ என்று எழுதுங்கள், திகதி போடுங்கள். இதைப் பற்றி முன்பு எழுதினவருக்கு ஒரு இணைப்புக் கொடுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த நடையில் எவ்வளவு நீளமாகவும் எழுதலாம், அதைத் தேடுபொறி கேட்கப் போவதில்லை.